இரண்டு பேருக்கான சீட்

9.6.2024, ஞாயிறு

இந்த நோட்டு, மகனைச் சேர்த்திருக்கும் போதை மறுவாழ்வு மையத்தில் கொடுத்தது. கவுன்சிலர் மேடம் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, வாரத்தில் இரண்டு நாளாவது எழுதுங்கள் என்றார். எனக்கு டைரி எழுத யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் தபால் துறையில் மெயில் ஓவர்சியர். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களுக்கு வண்டியில் போய்ப் பார்வையிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எங்கே என்ன பார்த்தேன் என்று தினமும் எழுதி மேலே அனுப்புவதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. மனதில் உள்ளதை எழுதுங்கள் என்றார் மேடம். அந்தப் பழக்கம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலை 6.10க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பைக்கில் கிளம்பினேன். 6.35க்கு ரோடு பிரிகிற கிருஷ்ணன்கோவில் விலக்கு. என் மனைவி சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள். ஏப்ரல் கடைசியிலிருந்து அவள் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். வேலை பார்க்கும் அங்கன்வாடி பக்கத்தில் இருப்பதால் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி தாண்டி மையம். மொத்தம் 98 கிலோமீட்டர். 9.50க்குப் போய்விட்டோம்.

மகன் கௌசிக்கைச் சேர்த்து நாலு வாரம் ஆகிறது. இருபத்து மூன்று வயது. வலி மாத்திரையைப் போதைக்குப் போட்டுப் பழகிவிட்டான். முதல் நாலு வாரம் யாரும் பார்க்கக் கூடாது. இனி ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் பார்க்கலாம். அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும், ஒருவர் மட்டும் வந்தால் கேட் திறக்காது. பஸ்ஸில் வந்தால் மூன்று பஸ் மாற வேண்டும், பதினொன்றுக்கு முன்னால் வந்து சேர முடியாது. பையன் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறான். இட்லி நன்றாக இருக்கிறது என்றான்.

ஆகஸ்ட் 11 அன்று அனுப்பிவிடுவார்களாம். அதற்குள் அவன் எந்த வீட்டுக்குப் போகப் போகிறான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிற வீடாக இருந்தால் நல்லது என்றார் மேடம். சுந்தரவல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு கோரிக்கை கிடையாது. கேட்கவில்லை.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் இறங்கியவள், நடக்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "கால் செத்துப் போச்சு. இந்த சீட்ல இனிமே என்னால வர முடியாது" என்றாள். நாள் முழுவதும் அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

10.6, திங்கள்

இரண்டு கிளை அஞ்சலகம் பார்த்தேன். எனக்கும் இடது தொடை மரத்துப் போயிருக்கிறது. நின்றுகொண்டே எழுதினேன்.

14.6, வெள்ளி

ஆன்லைனில் வாங்கிய காற்றுத் தலையணை வந்தது. ஊதி, சீட் மேல் வைத்து, வார்ப்பட்டையால் கட்டுவது. நீண்ட பயணத்துக்கு உகந்தது என்று நாலாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நாற்காலியில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. நாற்காலிக்கு வேகத்தடை கிடையாது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

16.6, ஞாயிறு

பேரையூருக்கு முன்னால் ஒரு வேகத்தடை. தலையணை ஒரு பக்கம் போனது, சுந்தரவல்லி ஒரு பக்கம் போனாள். நல்லவேளை, வேகம் இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துத் தப்பித்தாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தலையணையைக் கழற்றிக் காற்றைப் பிடுங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன், காலரில் ஒரு தையல் விட்டிருக்கிறது. தைக்கக் கொடுக்கவில்லை.

18.6, செவ்வாய்

ராஜபாளையத்தில் மைதீன் பிச்சை பாய் என்று ஒருவர் வண்டி சீட் தைக்கிறார். அலுவலகத்தில் சொன்னார்கள். போனேன். என் வண்டி சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, எத்தனை வருஷம் என்றார். ஒன்பது என்றேன். உள்ளே ஃபோமே கிடையாது, வெறும் பழக்கதோஷத்தில் நிற்கிறது என்றார். நடுவில் பள்ளம், பின்னால் உட்காருகிறவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரிந்து வருவார் என்றார்.

மெத்தென்று ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"கடையில உக்காந்து பாக்குற சீட்டு வேற, நூறு கிலோமீட்டர் போற சீட்டு வேற சார். மெத்துனு இருக்குறது முக்கால் மணி நேரத்துல அமுங்கிரும். அப்புறம் நீங்க தகரத்துல உக்காந்துதான் போகணும். கெட்டியா இருக்கணும், அகலமா இருக்கணும், சமமா இருக்கணும். அம்புட்டுதான்."

பின்னால் யார் உட்காருவது, எவ்வளவு எடை, உயரம் என்ன என்று கேட்டார். மனைவி என்றேன். எடை தெரியவில்லை. உயரம் என் காது வரை என்றேன். பிறகு, அது பழைய அளவு என்று தோன்றியது, ஆனால் உயரம் மாறாது. ஒரு பக்கமாகவா, இரண்டு பக்கமும் கால் போட்டா என்றார். ஒரு பக்கமாக என்றேன். அப்படி உட்கார்ந்தால் எந்த ராஜா சீட்டும் உதவாது, முதுகு முறுகிக்கொண்டேதான் வரும், முதலில் அதை மாற்றுங்கள் என்றார்.

அவர் அளவெடுக்கும் முறையே வேறு. வெறும் ஃபோம் கட்டியைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக் கொடுப்பார். இரண்டு பேரும் அதில் ஒரு நீண்ட தூரம் போய் வர வேண்டும். சாக்கைப் பிரித்தால் ஃபோமில் எங்கே பதிந்திருக்கிறதோ அதைப் பார்த்து வெட்டுவார். வாயால் சொல்கிற அளவு பொய்யாக இருக்கும், ஃபோம் பொய் சொல்லாது என்றார். சனிக்கிழமை கட்டித் தருகிறேன் என்றார்.

சுந்தரவல்லிக்கு மெசேஜ் அனுப்பினேன். 'ஒரு பக்கமாக உட்காரக் கூடாது என்று சீட் கடை பாய் சொல்கிறார்.' கட்டைவிரல் படம் வந்தது.

23.6, ஞாயிறு

சுடிதாரில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் பார்த்ததில்லை. அக்கா மகளுடையதாம். கரும்பச்சை. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

சாக்கு சுற்றிய வண்டியில் போனோம். உசிலம்பட்டி சந்தைப் பக்கம் ஒருவர், வெங்காயம் என்ன விலை என்று கேட்டார். சுந்தரவல்லி, வித்துருச்சு என்றாள். அவள் அப்படிப் பேசிக் கேட்டு நாளாகிவிட்டது. கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தேன், ஹெல்மெட்தான் தெரிந்தது.

கௌசிக் கை நடுங்கவில்லை. அதைக் கவனித்து எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

25.6, செவ்வாய்

பாய் சாக்கைப் பிரித்து ஃபோமைத் தரையில் வைத்தார். முன்னால் என் இடம் நன்றாகப் பதிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு முழம் நீளத்துக்குக் கை படாத மாவு போல எந்தப் பதிவும் இல்லை. கடைசி விளிம்பில் மட்டும் இரண்டு சின்னப் பள்ளம். பாய் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா சீட்ல உக்காரலயே சார். பின்னாடி பிடிக்கிற கம்பி மேல உக்காந்துல்ல போய்ட்டு வந்திருக்காங்க" என்றார். "நூறு கிலோமீட்டர் கம்பியில உக்காந்தா யாருக்கும் கால் செத்துத்தான் போகும்."

ரோடு அப்படி என்றேன். ரோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சண்டையா என்றும் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பின் சீட்டை நாலு அங்குலம் நீட்டி, என் இடத்தை விட ஒரு படி உயர்த்தி, சரியாமல் சமமாக வைத்து, முதுகுக்கு ஒரு சாய்மானமும் போட்டுவிடலாமா என்று கேட்டார். அம்மா எங்கே உட்கார விரும்புகிறார்களோ அங்கே சீட்டைக் கொண்டு போவதுதான் என் வேலை என்றார். சரி என்றேன்.

30.6, ஞாயிறு

சீட் தயாராகவில்லை. பழையதில்தான் போனோம். மடித்த துண்டு.

6.7, சனி

சீட் வந்தது. கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளை நூல் தையல். பழைய சீட்டின் மேல் போடுகிற மலிவு வேலை இல்லை, அடித் தகரத்திலிருந்தே புதிது. பாய் என்னைப் பின்னால் உட்கார வைத்து அவரே ராஜபாளையம் பைபாஸ் வரை ஓட்டிக் காட்டினார். சாய்ந்து உட்கார்ந்தேன். பள்ளம் மேடு ஒன்றும் உடம்பில் ஏறவில்லை. முன்னால் இருக்கிறவர் முதுகுக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம். இவ்வளவு சொகுசாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.

7.7, ஞாயிறு

ஏறினாள், சாய்ந்து பார்த்தாள். "நல்லாருக்கு. தேங்க்ஸ்" என்றாள். தேங்க்ஸ் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

எந்தத் தொந்தரவும் இல்லை. பிரேக் போட்டால் அவள் முழங்கால்கூட என் மேல் படவில்லை. பழைய சீட்டில் எவ்வளவு விலகி உட்கார்ந்தாலும் பிரேக்குக்கு ஒரு தடவை சரிந்து வந்து என் முதுகில் மோதுவாள், உடனே பின்னால் தள்ளிக்கொள்வாள். பேரையூர் தாண்டியதும் பின்னால் ஆள் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். இருந்தாள். இன்னும் இரண்டு இடத்தில் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

கிருஷ்ணன்கோவிலில் இறங்கி நேராக நடந்து போனாள். கால் மரக்கவில்லை. நான் நினைத்தது எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

8.7, திங்கள்

வேலைக்குப் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை, வருவதாகவும் இல்லை.

14.7, ஞாயிறு

இன்று குடும்பமாக உட்கார வைத்தார்கள். நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொல்லாமல் வைத்திருப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார் மேடம்.

கௌசிக் முதலில் சொன்னான். "அம்மா, ஒங்க செயின நான்தான் எடுத்தேன். அடகு வச்சேன்" என்றான். தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவள், தெரியும்ப்பா என்று மட்டும் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேடமும் என்னைப் பார்த்தார். கௌசிக் மட்டும் பார்க்கவில்லை.

நான் சீட்டைப் பற்றிச் சொன்னேன். முதலில் காற்றுத் தலையணை வாங்கியது, அது சரிப்படாமல் போனது, பாய் ஃபோம் கட்டிக் கொடுத்தது, இப்போது சாய்மானம் வைத்திருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். மேடம் நல்லது சார் என்றார்.

திரும்பும் வழி முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். கேட்டதற்குப் பதில் எழுதாத கிளை அஞ்சலகத்துக்கு நானே எத்தனை மெமோ கொடுத்திருக்கிறேன்.

17.7, புதன்

எழுதிவிடலாம். யாரும் படிக்கப் போவதில்லை.

சுந்தரவல்லியின் செயின் அவள் அம்மா போட்டது. போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகையில் காணாமல் போனது. பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று நான்தான் சொன்னேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு போய், கொஞ்சம் முடியை வெட்டிப் பூமுடி கொடுத்தாள். அதன் பிறகு தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது அவளுக்கு. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அங்கன்வாடி முட்டையை மூன்று தடவை எண்ணுவாள். எனக்கு மூளை மழுங்கிக்கிட்டு வருதோ என்று ஒரு நாள் கேட்டாள்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கௌசிக் பெயருக்கு நகைக்கடன் கடையிலிருந்து ஒரு கூரியர் வந்தது. செயினை ஏலம் விடப் போகிறோம், இருபது நாள் அவகாசம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பிரித்ததும் நான். உள்ளே அவள், வீடு ஒதுங்க வைக்கிற சாக்கில், பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்து இன்னும் ஒரு தடவை தேடிக்கொண்டிருந்தாள். லெட்டரை மடித்து அலுவலக டைரியின் உறைக்குள் செருகிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். ஆழமாக யோசித்தால் அது மட்டும் இல்லை. அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிற அந்த ஒரு நாளைத் தள்ளிப் போட்டேன். ஏலத் தேதி போய்விட்டது.

ஏப்ரலில் பழைய பேப்பரோடு என் பழைய டைரியையும் போடும்போது லெட்டர் நழுவி அவள் கையில் கிடைத்தது. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது, பழைய பேப்பரோடு சேர்ந்து வந்திருக்கும் என்றேன். கவரில் என் கையால் எழுதிய தேதி இருந்தது. எந்தத் தபால் வந்தாலும் வந்த தேதியை மூலையில் குறிப்பது என் பழக்கம். இரண்டாவது நாள் அவள் போய்விட்டாள்.

அவள் பையன் மேல் கோபப்படவில்லை. அதை முதலில் நான் நல்லதென்று நினைத்தேன்.

21.7, ஞாயிறு

சொல்லலாம் என்று போனேன். மழை தூறியது. சொல்லவில்லை.

28.7, ஞாயிறு

திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டி ரோடு காலியாக இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்வதை விட, முன்னால் பார்த்துக்கொண்டு சொல்வது எளிது என்று தோன்றியது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கூரியர் வந்தது, டார்ச், கட்டில், ஏப்ரலில் சொன்ன பொய் எல்லாம். முட்டை எண்ணியதையும் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பேசியிருப்பேன். இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேரையூர் விலக்கில் வண்டியை ஓரம் கட்டித் திரும்பினேன்.

சாய்மானத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி நின்றதும் விழித்து, கல்லுப்பட்டி வந்துருச்சா என்றாள். எப்போதிலிருந்து தூங்குகிறாய் என்றேன். கணவாய் இறங்கினப்பவே கண்ணு சொருகிருச்சு, இந்த சீட்டு அப்படி இருக்கு என்றாள்.

வண்டியில் தூங்கினால் விழுந்துவிடுவாய் என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் பார்க்கும்படி கத்தினேன். அவளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று புரியவில்லை. அங்கேயே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் ஏற்கனவே சொல்லிவிட்டது போல உடம்பு ஓய்ந்து கிடந்தது. டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

29.7, திங்கள்

அலுவலக டைரியில் தேதியைத் தப்பாக எழுதி அடித்தேன்.

4.8, ஞாயிறு

அடுத்த வாரம் கௌசிக்கை அனுப்புகிறார்கள். எந்த வீடு என்று முடிவு பண்ணிவிட்டீர்களா என்றார் மேடம். நான் சுந்தரவல்லியைப் பார்த்தேன். அவள், அடுத்த வாரம் எழுதிக் கொடுக்கிறோம் மேடம் என்றாள்.

வீட்டில் அவள் அலமாரியைத் துடைத்து வைத்தேன். அவனுடைய அறைக்கு விசிறி மாற்றினேன். நடுவில் ஆறு நாள் இருக்கிறது.

11.8, ஞாயிறு

எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நினைத்தேன். மையத்தின் வாசலில் கௌசிக் பையோடு வந்து நின்றபோதுதான் எங்கள் மூன்று பேருக்குமே உறைத்தது. வண்டி ஒன்று, ஆள் மூன்று. இரண்டு மாதமாக இந்த சீட்டை அங்குலம் அங்குலமாக யோசித்திருக்கிறேன். திரும்பி வரும்போது பையனும் வருவான் என்பது என் தலையில் ஏறவே இல்லை. பழைய சீட்டில் இடித்துப் பிடித்து மூன்று பேர் உட்காரலாம். இதில் படியும் சாய்மானமும் இருக்கின்றன, இரண்டு பேருக்கு மேல் இடமே கிடையாது. இதற்கு எங்கள் ஊரில் கோட்டை கட்டி வாசல் விட மறந்தவன் என்பார்கள். கௌசிக்குக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் வண்டியில போங்க. நான் பஸ்ல வாறேன்" என்றாள் சுந்தரவல்லி. மையத்தின் படிவம் அவள் கையில் இருந்தது. முகவரி இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

"எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்ப?" என்று கேட்டேன்.

இரண்டு மாதமாக நான் கேட்காத கேள்வி அதுதான். கேட்டதும் எனக்கே ஒன்று புரிந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை.

"கூரியர் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன். "நான்தான் வாங்குனேன், நான்தான் ஒளிச்சு வச்சேன். நீ பீரோவுக்கு அடியில தேடிக்கிட்டு இருந்த, நான் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஏப்ரல்ல நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன். ஒன் மூளைக்கு ஒண்ணும் ஆகல. ஒன்ன அப்படி நெனைக்க விட்டது நான்."

கௌசிக் பையைக் கீழே வைத்தான். சுந்தரவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேனா என்று தெரியாது. சொல்லி முடித்ததும் அவள் வண்டி சீட்டின் மேல் படிவத்தை வைத்து முகவரியை எழுதினாள். நின்ற இடத்திலிருந்தே படித்தேன், தலைகீழாக எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் கஷ்டமில்லை. கிருஷ்ணன்கோவில் முகவரி. உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சாவிய அவன்ட்ட குடுங்க. அவன் ஓட்டட்டும்" என்றாள். மூன்று மாதமாக அவன் வண்டியைத் தொடவில்லையே என்றேன். ஓட்டுவான் என்றாள். "நீங்க பஸ்ல வந்து கிருஷ்ணன்கோவில்ல எறங்குங்க. சோறு வச்சிருப்பேன்."

கௌசிக் மெதுவாகத்தான் எடுத்தான். அவள் சாய்மானத்தில் சாயவில்லை, முன்னால் நகர்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளைவு வரை பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மூன்று பஸ். கிருஷ்ணன்கோவிலில் இறங்கும்போது மணி நாலரை. அவள் இருக்கிற வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே அறை, பின்னால் சின்ன சமையலறை. வாசலில் என் வண்டி நின்றது. சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டாள். கௌசிக் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும்போது சொன்னாள்: கௌசிக் இங்கேயே இருக்கட்டும், வண்டியும் இங்கே நிற்கட்டும், அவனுக்கு வேலை தேட வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை வரலாம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மற்றதை இப்போது கேட்கக் கூடாது. கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்காமல் இருந்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

கௌசிக் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். அம்மா போகச் சொன்னார்களா என்றேன். இல்லை, நானாகத்தான் என்றான். நிழற்குடையில் நின்றோம். ராஜபாளையம் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"அப்பா, கூரியர் நீங்க வாங்குனது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான். "கூரியர்காரர் மொதல்ல எனக்குத்தான் போன் போட்டார். வீட்ல இல்லன்னேன். கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்புட்டு, ஒங்கப்பாட்ட குடுத்துட்டேன்னு சொன்னார். அன்னைக்கு ராத்திரி நீங்க கூப்புடுவீங்கன்னு சட்டகூட மாத்தாம உக்காந்திருந்தேன். மறுநாளும் இருந்தேன். ஒரு வாரம் மாத்திர போடலப்பா. நீங்க கேக்கவே இல்ல. சரி, கேக்க மாட்டாங்கன்னு..."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரா என்றார். அந்த ஒரு வாரத்தை அவன் எனக்காக வைத்திருந்திருக்கிறான். நான் கட்டிலில் உட்கார்ந்து அதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

"இத அம்மாகிட்ட சொன்னியா?" என்றேன்.

இல்லை என்றான். அம்மா உங்களை இன்னும் வெறுத்துவிடுவார்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்றான். என் பிள்ளைதான். எனக்காக அவளிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான்.

கண்டக்டருக்குக் கை காட்டி பஸ்ஸைப் போகச் சொன்னேன். "வா" என்றேன். "எங்க முன்னாடி உக்காந்து சொல்லு. ரெண்டு பேர்ட்டயும் சொல்லு. வெறுத்தா வெறுக்கட்டும்."

தெருவில் அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான்தான் தட்டினேன். ஈரக் கையோடு வந்து திறந்தாள்.

"பஸ் போயிருச்சா?" என்றாள்.

"நான்தான் விட்டுட்டேன்" என்றேன்.